என் சிநேகிதனின் கடனட்டை

வங்கிக்கு இனி ஒரு சதமும் கட்டுவதில்லை என்று போன வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உறுதி எடுத்தேன். வழக்குப் போட்டால் போடட்டும். நீதிபதியின் முகத்துக்கு நேரே நின்று கதைப்பேன். இந்த வீரம் எனக்கு வந்தது உடுவிலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள். வீட்டுக்குள் எனக்கு வீரம் வருவதில்லை.

கடன் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பியாட்றிஸின் தம்பி பிறேம், ரொறன்ரோவிலிருந்து இருபத்தொரு நாள் லீவில் வருவதாக அறிவித்தான். இருபது வருடத்துக்கு முன்னர் எங்கள் கலியாணப் பேச்சில் "அக்காவுக்கு ஒரு கிளாக்கர் காணுமோ?" என்று கேட்டவன். அவனுக்கு இந்த லெனாட் என்றால் யாரென்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அதே கிழமை நான் கிளாக்கராக வேலை செய்யும் கல்விக் கந்தோருக்கு ஒரு வங்கியிலிருந்து வந்த பிள்ளை, ஒரு கையெழுத்து வைத்தால் கடனட்டை என்றாள். வைத்தேன். அட்டை என்பது இரத்தம் குடிக்கிற சாமான் என்று அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

அறைக்கு ஏசி பூட்டினேன். குளியலறைக்குப் புது மாபிள் பதித்தேன். வான் பிடித்துக் கடற்கரை கடற்கரையாகக் கூட்டிப் போக ஒழுங்கு செய்தேன். பியாட்றிஸ் கேட்டாள்.

"இதுக்கெல்லாம் காசு எங்காலை?"

"கந்தோரிலை நிலுவைச் சம்பளம் வந்தது."

அந்தப் பதிலில் நிலுவை என்ற சொல் மட்டும் பிறகு உண்மையானது.

பிறேம் வந்தான். ஏசி அறையில் அரை மணித்தியாலம் இருந்தான். தலையணையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டான்.

"அத்தான், குறை நினையாதேங்கோ. வருசம் முழுக்கக் குளிருக்கை கிடந்து சாகிறன். இஞ்சையும் குளிரோ?"

இருபத்தொரு நாளும் விறாந்தையில்தான் படுத்தான். ஏசி எனக்காக மட்டும் ஓடியது. எனக்குத் தடிமன் பிடித்தது.

அவன் போனான். பில் வந்தது. நாலு லட்சத்து இருபதினாயிரம். ஆகக் குறைந்த தொகை என்று ஒன்று போட்டிருந்தார்கள். எவ்வளவு அன்பான மனிசர் என்று நினைத்து அதை மட்டும் கட்டி வந்தேன். ஏழு மாதம் கட்டிய பிறகு பார்த்தால் கடன் இளைக்கவில்லை. நான்தான் இளைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமைதான் கதிரவேலுவிடம் வாயைத் திறந்தேன்.

கதிரவேலு தோட்டத்தில் புகையிலை வைப்பவன். காசைப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைப்பவன். வங்கி வாசலை மிதியாதவன். எனக்கிருக்கும் ஒரே சிநேகிதன்.

"மச்சான், உவங்கள் வழக்குப் போடமாட்டாங்கள்," என்றான்.

"ஏனடா?"

"அப்புக்காத்துக்குக் காசு, கோட்டுக்குக் காசு, வந்து போக பஸ் காசு. உன்ரை நாலு லட்சத்துக்கு ஆர் உந்தப் பாடு படுறது? கொஞ்ச வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டிரு. கடன் காலாவதியாப் போம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உதெல்லாம் பொது அறிவு."

பொது அறிவை நம்பி மாதக் கட்டுக் காசை நிறுத்தினேன். கடிதங்கள் கந்தோர் விலாசத்துக்குத்தான் வந்தன. என் மேசை லாச்சிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. தொலைபேசிதான் தொல்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தரம் எடுத்தார்கள். அதற்கும் வழி கண்டேன். வங்கியின் இலக்கத்தை 'கதிரவேலு 2' என்று பதிந்து வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, கதிரவேலு அண்ணை எடுக்கிறார்."

"பிறகு கதைப்பன்."

"காலமையிலை இருந்து ஆறாம் தரம். உங்களிலை அவருக்கு நல்ல பட்சம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரவேலு வாழைக்குலையோடு வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் குலையை இறக்கி வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். என் தொலைபேசி பியாட்றிஸின் கைக்குப் பக்கத்தில் கிடந்து அடித்தது. அவள் திரையைப் பார்த்தாள். முற்றத்தில் இரண்டு கையும் வெறுங்கையாய் நின்ற கதிரவேலுவைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அண்ணை, தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. பியாட்றிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவள். கணக்கு ரீச்சர் கேள்வி கேட்காமல் விட்டால் விடை கண்டுவிட்டாள் என்று அர்த்தம். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்துச் சந்தோஷமாக ஒரு வாழைப்பழம் உரித்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு தடித்த கடிதம் வந்தது. வங்கியின் சட்டத்தரணி எழுதியது. வட்டியும் தண்டமுமாக ஐந்து லட்சத்துப் பத்தாயிரம். பதினாலு நாளைக்குள் கட்டாவிட்டால் வழக்கு. லாச்சியைப் பூட்ட முடியவில்லை, அவ்வளவு கடிதம். இதை மட்டும் சேட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பயத்தில் நாலு நாள் சுற்றித் திரிந்துவிட்டு இராசசிங்கத்திடம் போனேன். இராசசிங்கம் பியாட்றிஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அப்புக்காத்து. அவனிடம் ஏன் போனேன் என்றால், இந்த யாழ்ப்பாணத்தில் என்னிடம் காசு வாங்காத அப்புக்காத்து அவன் ஒருவன்தான்.

"தம்பி, என்ரை சிநேகிதன் ஒருத்தனுக்கு ஒரு சிக்கல்," என்றேன். "காட் எடுத்துச் செலவழிச்சுப் போட்டுக் கட்டேல்லை. வழக்குப் போடுவினமோ?"

"போடுவினம் அத்தான். எல்லாருக்கும் உடனை போடாயினம். முதல் போன், பிறகு கடிதம், பிறகு அப்புக்காத்தின்ரை கடிதம். அதுக்கும் அசையாட்டில் போடுவினம்."

"சின்னத் தொகை எண்டாலும்?"

"அஞ்சு லட்சம் சின்னத் தொகையோ?"

தொகையை நான் சொல்லவேயில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"போட்டா என்ன நடக்கும்?"

"தீர்ப்பு வந்தா சம்பளத்திலை, சொத்திலை கை வைப்பினம். வழக்குக்கு முதலே போய்க் கதைச்சா தண்டத்தைக் குறைப்பினம். உங்கடை சிநேகிதனைப் போய்க் கதைக்கச் சொல்லுங்கோ. வீட்டிலையும் சொல்லச் சொல்லுங்கோ."

"அவன்ரை பேரிலை ஒரு சொத்தும் இல்லாட்டில்?"

"இல்லாத சொத்தை எடுக்கேலாது. ஆனா அத்தான்..."

அந்த 'ஆனா' வாயை விட்டு வெளியே வரமுன் நான் மோட்டச்சைக்கிளில் ஏறிவிட்டேன்.

வீடு பியாட்றிஸின் சீதனம். என் பேரில் இருந்தவை இரண்டு. ஒன்று அந்த மோட்டச்சைக்கிள். மற்றது தெல்லிப்பழையில் அப்பா விட்டுப்போன ஐந்து பரப்புக் காணி. ஆமியிடமிருந்து திரும்பக் கிடைத்த நாளிலிருந்து பற்றை பிடித்துக் கிடக்கிறது. இரண்டையும் அவளுடைய பேருக்கு மாற்றிவிட்டால் வங்கி வந்து என் தலைமயிரைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் அதிகம் இல்லை.

"இஞ்சேரும், தெல்லிப்பழைக் காணியை உம்மடை பேருக்கு எழுதுவம் எண்டு யோசிக்கிறன்."

"ஏன்?"

"அன்புதான்."

"இருபது வருசம் இல்லாத அன்பு இப்ப எங்காலை வந்தது?"

"நிலுவையிலை கிடந்தது."

 அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதையோ நான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிற பார்வை. நான் கூரையைப் பார்த்தேன்.

"வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ?" என்றாள்.

"இல்லை."

"அப்ப மோட்டச்சைக்கிளையும் என்ரை பேருக்கு மாத்துங்கோ."

நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள். எவ்வளவு சுகமாக வேலை முடிகிறது என்று எனக்குள் பெருமை. எழுதிக் கொடுக்க இரண்டு பேரும் போனபோது இராசசிங்கம் நன்கொடை உறுதிப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"தம்பி, அவர் ஆசைப்பட்டுத் தாறார்," என்றாள் பியாட்றிஸ். "எழுதும்."

கட்டுவதில்லை என்று எடுத்த உறுதியைக் காப்பாற்ற, காணி உறுதியை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை குளித்துவிட்டு வந்து பார்த்தால் மோட்டச்சைக்கிள் நின்ற இடத்தில் ஒரு புதுச் சைக்கிள் நின்றது. மிதிக்கிற சைக்கிள்.

"பியாட்றிஸ்! மோட்டச்சைக்கிள் எங்கை?"

"வித்துப் போட்டன். நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு."

"ஆரைக் கேட்டு வித்தனீர்?"

"சொந்தக்காரியைக் கேட்டனான். ஓம் எண்டவ."

நான் கதிரையில் இருந்தேன். அவள் என் சேட்டுப் பையில் இருந்த கடிதத்தையும், வங்கி முத்திரை குத்திய ஒரு துண்டையும் மேசையில் வைத்தாள்.

"மனேச்சர் நான் படிப்பிச்ச பிள்ளை. தண்டத்தை வெட்டி விட்டவர். ஒரேயடியாக் கட்டி முடிச்சிட்டன். மிச்சத்திலை சைக்கிள். உங்கடை வயிறும் வத்தும்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் போய்க் கேட்ட அண்டே இராசு சொன்னவன், அத்தான்ரை சிநேகிதன் ஒருத்தன் காட் கடனிலை மாட்டுப்பட்டு நிக்கிறானாம் எண்டு. உங்களுக்கு இருக்கிறது ஒரு சிநேகிதன். அந்த மனிசனுக்கு வங்கிக் கணக்கே இல்லை. வாழைக்குலை கொண்டு வந்த அண்டைக்கே பாதி விளங்கினது. மிச்சத்தை உங்கடை சேட்டுத் தோய்க்கேக்கை கண்டனான். நீங்கள் அவனிட்டைப் போக முதலே தொகையை நான்தான் அவனுக்குச் சொன்னது."

   

"அப்ப ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." அவளுடைய குரல் இறங்கியது. "நீங்கள் வங்கிக்குப் பயந்து ஒளிக்கேல்லை. எனக்குப் பயந்துதான் ஒளிச்சனீங்கள். நான் என்ன, வட்டியோ கேட்டிருப்பன்?"

 அவளுக்குச் சொல்ல ஒரு வருடமாக என்னிடம் இருந்தது பொய்தான்.

"பிறேம் வந்த மற்ற நாளே என்ன சொன்னவன் தெரியுமோ?" என்றாள். "அக்கா, நீ சந்தோசமா இருக்கிறாய். அதைப் பாத்ததே காணும். அத்தானைச் செலவழிக்க வேண்டாம் எண்டு சொல்லு எண்டவன்."

நான் அதை அப்போதே கேட்டிருந்தால் வானையாவது நிறுத்தியிருப்பேன். கேட்காமல் வான்காரனோடு வாடகை பேசிக்கொண்டு வெளியில் நின்றேன். என்னை மெச்ச வேண்டும் என்று யாருக்காகச் செலவழித்தேனோ அவன் மெச்சியது என் மனைவியின் முகத்தை. அந்த முகத்தில்தான் ஒரு வருடமாக நான் பார்க்கப் பயந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இரண்டாம் தரமும் சோறு போட்டாள். அதுதான் கூடச் சுட்டது.

ஒரு மாதம் போனது. தெல்லிப்பழைக் காணியில் பற்றை வெட்டி, வெங்காயக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டாள். காசு அவளுடைய புத்தகத்துக்குள் போகிறது. நான் சைக்கிள் மிதித்து மூச்சு வாங்க இராசசிங்கத்திடம் போனேன்.

"தம்பி, இப்ப கடனும் இல்லை, வழக்கும் இல்லை. காணியைத் திருப்பி என்ரை பேருக்கு எழுதுவமோ?"

"அக்கா சம்மதிச்சா எழுதலாம்."

"கேட்டனான். யோசிக்கிறன் எண்டா. அந்த உறுதி கடனுக்கு ஒளிக்க எழுதினதுதானே? செல்லாதெண்டு சொல்லேலாதோ?"

"அண்டைக்கு அதைத்தான் சொல்ல வந்தனான் அத்தான், நீங்கள் நிக்கேல்லை. கடன்காரனை ஏய்க்க எழுதினது எண்டு வங்கி கேட்டிருந்தா, கோடு அந்த உறுதியைத் தூக்கி எறிஞ்சிருக்கும்."

"அப்ப செல்லாது!"

"வங்கிக்குத்தான் செல்லாது. உங்களுக்கு நல்லாச் செல்லும்."

எனக்குத் தேத்தண்ணிக் கடை வீரம் திரும்ப வந்தது.

"அப்ப நானே ஒரு வழக்குப் போட்டா?"

இராசசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"போடலாம் அத்தான். ஆனா வேறை அப்புக்காத்தாப் பாருங்கோ. அக்கா நேற்றே என்னைத் தன்ரை பக்கத்துக்குப் பேசி வைச்சிட்டா."