மாமி முறையில் விஞ்ஞானி

விஞ்ஞானிகளில் இரண்டு இனம் உண்டு. படித்து விஞ்ஞானி ஆனவர்கள் ஓர் இனம். அவர்களுக்கு உறவாகப் பிறந்துவிட்டதால் விஞ்ஞானி ஆனவர்கள் மற்ற இனம். முதல் இனத்தார் தொகையில் குறைவு. வாய் திறப்பதும் குறைவு. அவர்களை விட்டுவிடுவோம். நாம் பார்க்கப் போவது இரண்டாவது இனத்தை.

தேடித் தூரம் போக வேண்டாம். மகன் கண் டொக்டர் என்றால் தாய் பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருப்பவளின் இமையை விரித்துப் பார்ப்பா. மருமகன் கட்டட இஞ்சினியர் என்றால் மாமனார் கலியாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபத்துச் சுவரில் வெடிப்புத் தேடுவார். இவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணும் சுவரும் எல்லாருக்கும் தெரிகிற சாமான்கள். பிழையாகச் சொன்னால் யாராவது மறுத்துவிடுவார்கள். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்றை ஆராய்கிற பிள்ளைக்கு உறவாகிவிட்டவர்களை யார் மறுப்பது? எதைக் கொண்டு மறுப்பது?

அக்கராயன் ஊர் விமலேஸ்வரி அந்த அரிய வகை. அவளோடு பிறந்த நாள் முதல் ஒரே வீட்டில் இருந்து வருகிறவள் என்ற உரிமையில் மரியாதைப் பன்மை போடாமலே அவளைப் பற்றி எழுதுகிறேன்.

வவுனியாவில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் விமலேஸ்வரி. ஆளைக் கட்டிலில் வைத்துக்கொண்டே விரிப்பு மாற்றுவாள். படுக்கைப் புண் வர விடமாட்டாள். அழுகிற நோயாளிக்கும் அதட்டுகிற நோயாளிக்கும் ஒரே கஞ்சியை ஒரே கரண்டியால் ஊட்டுவாள். இப்போது அவளுடைய கையில் இருக்கும் நோயாளி சொந்தத் தமையன், பரமலிங்கம். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கையும் கோபமும் மட்டும் பழுதில்லாமல் இருக்கின்றன. பரமலிங்கத்தின் ஒரே மகள் பிரஷாந்தினி பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். தகப்பன் பேச முடியாமல் படுத்திருப்பதால் அந்த ஆராய்ச்சிக்கு இலங்கையில் பேசும் பொறுப்பு மாமி மேல் விழுந்தது. விழுந்தது என்றா சொன்னேன்? பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

சங்கக்கடை வரிசை, செத்த வீடு, ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற வாங்கு, எங்கே ஆளைக் கண்டாலும் கதை பிரான்சுக்குப் போய்விடும். "பிரான்சிலை எவடம்? லா சப்பலுக்குக் கிட்டவோ?" என்று யாராவது கேட்பார்கள். லா சப்பலில் நம்மவர்களின் கடைகள் நிறைய என்பதால், பிரான்ஸ் என்றால் நமக்கு லா சப்பல்தான். "கடையில்லை, ஆய்வுகூடம்" என்பாள் விமலேஸ்வரி, கேட்டவர் தன்னை அவமதித்துவிட்ட குரலில். பிறகு தொண்டையைச் செருமி, இந்த இனத்துக்கே உரிய அந்த வசனத்தைச் சொல்லுவாள்:

"அது உங்களுக்கு விளங்காது. ஆனாலும் சொல்லுறன்."

சொல்லுவாள். "விறகு எரியேக்கை புகையோடை ஒரு மூலக்கூறு கிளம்பும். அதைப் பிரிச்செடுத்து, காத்தெல்லாம் உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய தாங்கிக்குள்ளை பீச்சி விட்டால், மார்கழிப் பனியெல்லாம் பிச்சை வாங்கிற குளிரிலை அது அடங்கி ஒழுங்காய்ச் சுத்தும். அப்ப அதுக்குள்ளாலை ரேடியோ அலை மாதிரி ஒண்டை விட்டால் சில அலையை மட்டும் விழுங்கும். எந்தெந்த அலையை விழுங்குதோ அதுதான் அதின்ரை கைரேகை. ரெண்டு மூலக்கூறுக்கு ஒரே ரேகை கிடையாது. அளக்க முதலே மருமகள் கொம்பியூட்டரிலை கணக்குப் போட்டு, இது இப்பிடித்தான் சுத்தும் எண்டு சொல்லிப் போடுவாள். பிறகு அளந்து பாப்பாள்."

"சரிவருமோ?" என்று கேட்டாள் சங்கக்கடை நாகேஸ்வரி ஒருநாள், சீனி நிறுத்துக்கொண்டே.

"சரிவராது. சரிவந்தால் பிறகென்ன ஆராய்ச்சி?"

இதுவரை சொன்னதெல்லாம் ஓரளவுக்குச் சரி. மருமகள் ஃபோனில் பொறுமையாகச் சொன்னதுதான். இந்த இனத்தின் நோய் என்னவென்றால், பிள்ளை நிறுத்திய இடத்தில் இவர்களால் நிற்க முடியாது. அங்கேதான் இவர்கள் தொடங்குவார்கள்.

"அப்ப புகையை வைச்சு ஆற்றை வீட்டுப் புகையெண்டும் சொல்லுவாவோ?" என்றாள் நாகேஸ்வரி.

விமலேஸ்வரிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்க, அந்த விநாடி போய்விட்டது.

"ஓம். அதுகும் சொல்லலாம்."

கேடு அங்கே தொடங்கியது.

வைகாசி பிறந்து சோளகக் காற்று எழும்பியதும் அண்ணைக்குப் பின்னேரத்தில் இருமல் வரத் தொடங்கியது. சாதாரண இருமல் இல்லை. மூச்சு இழுக்கும், உதடு நீலம் பாரிக்கும், நிமிர்த்தி இருத்தி முதுகைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "புகை கிகை ஏதும் படுகுதோ? படவிடாதையுங்கோ. இன்னொரு தரம் சளி கட்டினால் இந்த நெஞ்சு தாங்காது" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் விமலேஸ்வரிக்கு டொக்டர் தேவைப்படவில்லை. புகை என்றால் அது அவளுடைய பாடம்.

வடக்கு வேலிக்கு அப்பால் கமலாசனி நெல் அவிப்பவள். புருசன் இல்லை. பெரிய அலுமினியக் கிடாரத்தில் உமியும் பனை மட்டையும் எரித்து அவித்து, காயவிட்டு, குத்துவித்து, கிளிநொச்சிச் சந்தைக்கு அரிசி கொண்டுபோய்ச் சீவிக்கிறாள். புகை என்றால் வேறு யார்?

"கமலாசனி, உன்ரை புகை அண்ணையைக் கொல்லுது."

"ஐயோ, அப்பிடியோ அக்கா? நான் இனிப் பின்னேரம் அவிக்கேல்லை. விடியப்புறம் அவிக்கிறன்."

நல்ல மனுசி. மாற்றினாள். இருமல் மாறவில்லை. பின்னேரமானால் அதே இழுப்பு. வேறு யாரும் என்றால் இந்த இடத்தில் ஒருமுறை யோசித்திருப்பார்கள். விஞ்ஞானி யோசிக்கவில்லை; விளக்கம் கண்டுபிடித்தாள்.

"விடியப்புறம் விட்ட புகைதான் பின்னேரம் வருது. மூலக்கூறுக்கு ஆயுள் இருக்கு. வளிமண்டலத்திலை அலைஞ்சு திரிஞ்சு, வெய்யில் பட்டு உருமாறி வரும். அது உனக்கு விளங்காது, ஆனாலும் சொல்லுறன். நீ அவிக்கிறதை நிப்பாட்டத்தான் வேணும்."

"நிப்பாட்டிப்போட்டு என்னத்தைத் தின்னுறது? உங்கடை மூலக்கூறையோ?"

"பிணக்குத் தீர்க்கிற இணக்கசபைக்குப் போவன். மருமகள் அத்தாட்சி தருவாள்."

"கூப்பிடுங்கோ மருமகளை!" கமலாசனி மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "நான் தூக்கி வளத்த பிள்ளை. அவள் வாயாலை என்ரை புகைதான் எண்டு சொல்லட்டும், கிடாரத்தைக் கவிட்டு வைச்சிட்டு நான் கச்சான் கடலை விக்கப் போறன்."

இவ்வளவுக்கும் இடையில் நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இருமல் வரும்போதெல்லாம் பரமலிங்கம் இடக்கையைத் தூக்கித் தெற்கு யன்னலைக் காட்டினார். காற்றுப் போதாது என்கிறார் என்று எடுத்து விமலேஸ்வரி யன்னலை இன்னும் அகலத் திறந்துவிட்டாள். நோயாளியின் அறைக்குக் காற்றோட்டம் முக்கியம் என்பது பயிற்சியில் முதல் பாடம். அவர் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். பாரிசவாதக்காரருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். சேலையைச் செருகிக்கொண்டு முதுகைத் தட்டினாள். நன்றாகப் படித்தவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும், பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுத்தார்கள். அண்ணையின் கட்டிலருகே கதிரையில் விமலேஸ்வரி. வாசல் நிலையில் சாய்ந்தபடி கமலாசனி. ஃபோனுக்குள் பிரஷாந்தினி, கலைந்த தலையும் கையில் நூடில்ஸ் கோப்பையுமாக.

"கமலாசனி அக்கா! எப்பிடிச் சுகம்?"

"என்ரை சுகம் உன்ரை வாயிலைதான் இருக்குப் பிள்ளை."

விமலேஸ்வரி நேரே விஷயத்துக்கு வந்தாள். வழக்கைச் சொன்னாள். கடைசியில் கதிரைக்கடியில் இருந்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்து, மூடியைச் சுற்றிப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்ததைக் கமராவுக்குக் காட்டினாள். "இவளின்ரை அடுப்புக்கு மேலை பிடிச்ச புகை. ஆரும் அங்காலை வந்தால் மிளகாய்த்தூளோடை சேர்த்துக் குடுத்து விடுறன். நீ அளந்து சொல்லு."

கமலாசனி எட்டிப் பார்த்தாள். "உதுக்குள்ளை ஒண்டையும் காணேல்லையே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சால் பிறகென்ன விஞ்ஞானம்?"

பிரஷாந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது இங்கே தெரிந்தது. "மாமி, நான் பாக்கிறது ஒரேயொரு மூலக்கூறை. அதை நான் விறகிலை எடுக்கிறதில்லை, போத்தலிலை சுத்தமா வாங்கிறது. தாங்கிக்குள்ளை பக்கத்திலை வேறை ஒண்டும் இருக்கக்கூடாது. அதின்ரை மூலையிலை மூண்டு ஐதரசன் பம்பரம் மாதிரிச் சுத்துது, அந்தச் சுத்தலாலை ஒவ்வொரு கோடும் ரெண்டு ரெண்டாப் பிரியுது. எவ்வளவு பிரியும் எண்டு கணக்கு ஒண்டு சொல்லுது, அளவு வேறை ஒண்டு சொல்லுது. வருசக் கணக்கா அந்த வித்தியாசத்தோடைதான் நான் குடும்பம் நடத்துறன். உங்கடை புகைக்குள்ளை ஆயிரம் சாமான் கிடக்கு. அது எந்த வீட்டுப் புகையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் புகையை மணந்து பாத்தே கனகாலம்."

விமலேஸ்வரியின் முகத்தில் சங்கக்கடை வரிசை முழுவதும் வந்து போனது.

"அப்பாவுக்கு எப்ப இருமல் வருது?" என்று கேட்டாள் பிரஷாந்தினி. குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"பின்னேரம். நான் அவரைத் துடைச்சு உடுப்பு மாத்திக் கொஞ்சத்தாலை."

"இப்ப அங்கை என்ன காத்து?"

"சோளகம்."

"சோளகம் தெற்காலையும் மேற்காலையும்தானே வரும்? கமலாசனி அக்கா வீடு வடக்கு வேலி. அப்ப அவவின்ரை புகை இரணைமடுப் பக்கம் போகுமே தவிர, எங்கடை வீட்டுக்கு எப்பிடி வரும்?"

வாசல் நிலையில் சாய்ந்திருந்த கமலாசனி நிமிர்ந்தாள்.

"தெற்காலை என்ன கிடக்கு மாமி?"

"அங்கை ஒண்டுமில்லை. கிணறு. தேசிக்காய் மரம். என்ரை பீப்பா."

"பீப்பாவிலை என்ன?"

"குப்பை எரிக்கிறனான்."

"என்ன குப்பை?"

பரமலிங்கம் மெதுவாக இடக்கையைத் தூக்கித் தெற்கு யன்னலைக் காட்டினார். கையை இறக்கவே இல்லை.

"அண்ணையின்ரை பம்பர்ஸ்," என்றாள் விமலேஸ்வரி. "கையுறை. பஞ்சு. நாய் இழுக்கக்கூடாதெண்டு பயிற்சியிலை சொன்னவை. அவரைத் துப்புரவாக்கின உடனை கொண்டுபோய் எரிச்சுப்போடுவன். ஒருநாளும் பிந்தினதில்லை."

அந்தக் கடைசி வசனத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். வாய்க்கு வெளியே வந்த பிறகுதான் அது அவளுடைய காதிலேயே விழுந்தது. பிளாஸ்ரிக்கை எரித்தது அவள். யன்னலைத் திறந்ததும் அவள். மூச்சு இழுத்தபோது முதுகைத் தட்டி, கெட்டிக்காரி என்று தன்னை மெச்சிக்கொண்டவளும் அவளேதான்.

கமலாசனி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அண்ணையின் வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. அது சிரிப்பா, பாரிசவாதத்தின் கோணலா என்று பயிற்சி எடுத்தவளுக்கே பிடிபடவில்லை.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அன்றைக்கே பீப்பாவைக் கவிழ்த்து, வளவின் வடகிழக்கு மூலையில் ஆழமாகக் கிடங்கு வெட்டுவித்தாள். அண்ணையின் பழைய சாரங்களைக் கிழித்து, துவைக்கக்கூடிய துணியாக மடித்து அடுக்கினாள். மறுநாள் காலை கமலாசனி வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு சாக்கைத் தள்ளிவிட்டாள். உள்ளே உமிச் சாம்பல்.

"கிடங்குக்குப் போடுங்கோ, மணம் வராது. ஆராய்ச்சி செய்யாத சாம்பல், பயப்பிடாதையுங்கோ."

அந்தக் கிழமை அண்ணைக்கு மூச்சு இழுக்கவில்லை. சோளகம் யன்னலால் வந்து அவருடைய நரைத்த தலைமயிரைக் கலைத்துவிட்டுப் போனது. கட்டில் சட்டமும் அடி வாங்கவில்லை.

விமலேஸ்வரி திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை சங்கக்கடை வரிசையில் அவளுடைய குரல் கேட்டது.

"பிரான்சிலை இருந்துகொண்டு அக்கராயனிலை புகை எங்கையிருந்து வருதெண்டு பிடிச்சவள், என்ரை மருமகள்! போத்தலைக்கூட அனுப்பேல்லை!"

"உண்மையோ! ஆற்றை வீட்டுப் புகையாம்?" என்றாள் நாகேஸ்வரி, தராசை அப்படியே விட்டுவிட்டு.

"அது உங்களுக்கு விளங்காது," என்றாள் விமலேஸ்வரி.

நாகேஸ்வரி காத்திருந்தாள். வரிசையும் காத்திருந்தது. விமலேஸ்வரி சீனிப் பையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், குற்றமில்லை. ஆனால் உங்கள் குடும்பத்திலும் ஒரு பிள்ளை எங்கேயோ எதையோ ஆராய்ந்துகொண்டிருக்கும். நாளைக்கோ மறுநாளோ ஒருவர், "பிள்ளை என்ன செய்யுறா?" என்று கேட்பார். உங்கள் தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும். அப்போது வாயைத் திறக்க முதல் எழும்பிப் போய், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, உங்கள் வளவில் அந்தப் பக்கம் என்ன புகைகிறது என்று ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த விமலேஸ்வரி நான்தான்; பிந்திப் பார்த்தவள் சொல்கிறேன்.