கறிவேப்பிலைத் தூரம்

ஊர் அளப்பவர் என்றொரு இனம் உண்டு. சர்வேயரைச் சொல்லவில்லை. சர்வேயர் சங்கிலி பிடிக்க வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். இவருக்குச் சோபா போதும். வேலை மாறி இன்ன ஊருக்குப் போகிறேன் என்று நீங்கள் வாயைத் திறந்தால், சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்து, இரண்டு விரலால் மேப்பை விரித்து, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மார்க், ஏர்போர்ட் எவ்வளவு தூரம், நம்ம ஆட்கள் எத்தனை குடும்பம், பனி விழுந்தால் எத்தனை மணிக்குத் தள்ளுவார்கள் என்று சகலத்தையும் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டரின் முகத்தோடு உங்களைப் பார்ப்பார். "நல்ல ஊர்தான்," என்பார். "ஆனா அங்க என்ன இருக்கு?"

தமிழில் 'அளப்பது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தற்செயலாக நடந்ததென்று நினைக்கிறீர்களா? நான் நினைக்கவில்லை.

நியூஜெர்சியில் இந்த இனம் உரமில்லாமலே வளரும். பிஸ்கட்டவேயில் என் தெருவில் மட்டும் நாலு பேர். அவர்களில் முதல்வர் என் பக்கத்து வீட்டு கிருபைராஜ். ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டா பார்க்கிறார். வேலை நேரம் போக மிச்ச நேரத்திலும் அதையேதான் பார்க்கிறார். அவரிடம் ஓர் எக்செல் ஷீட் இருக்கிறது. ஊருக்கு ஒரு வரிசை, குணத்துக்கு ஒரு கட்டம். கடைசிக் கட்டம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு: கறிவேப்பிலைத் தூரம். அதாவது, எண்ணெய் காய்ந்து கடுகும் வெடித்த பிறகு வீட்டில் கறிவேப்பிலை இல்லையென்று தெரிந்தால், காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர எத்தனை நிமிஷம்? ஐசலின், நாலு. பிஸ்கட்டவே, பதினாலு. பார்சிப்பனி, பதினொன்று. முப்பதைத் தாண்டினால் கட்டம் தானாகச் சிவக்கும். கட்டம் சிவந்தால் கிருபைராஜின் வாயிலிருந்தும் தானாக ஒரு சொல் வரும்.

"பாவம்."

யார் பாவம்? கறிவேப்பிலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் இருநூறு வருஷமாகச் சாப்பிட்டு, சண்டை போட்டு, கல்யாணம் பண்ணி, நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கிற அந்த ஊர்க்காரர்கள் மொத்தப் பேரும்தான்.

"சாய் அண்ணா, இவங்க ஒரு ஊரைப் பாக்கறதுக்கு முன்னாடியே பாத்து முடிச்சிடுவாங்க," என்பார் அவர் மனைவி யூனிஸ். இதைவிடச் சுருக்கமாக இந்த இனத்தை யாராலும் சொல்ல முடியாது. நான்தான் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஷீட்டிலேயே மிகவும் சிவந்த கட்டத்தில் நூற்றைம்பது நிமிஷம் என்று இருந்தது. அது கிருபைராஜின் தங்கை ஜெபினா டாக்டராக இருக்கும் ஊர். டாக்டர் கிடைக்காத ஊர் ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்த்தால்தான் விசா என்று ஒரு நிபந்தனை உண்டு. அதற்காக அவள் மேற்கு வர்ஜீனியாவில், அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவில், ஒரு சின்ன ஊருக்குப் போனாள். மூன்று வருஷம் இந்த மே மாதத்தோடு முடிகிறது. பார்சிப்பனியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் வந்துவிட்டால் அந்த ஊர் கிளினிக்கை மூடிவிடுவார்கள். அடுத்த டாக்டரைப் பார்க்க அந்த ஜனங்கள் மலைப்பாதையில் ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டும். இந்தத் தூரத்துக்கு ஷீட்டில் கட்டம் கிடையாது.

"போன்ல கேட்டா யோசிக்கறேங்கறா, சாய். இதுல யோசிக்க என்ன இருக்கு? நேர்ல போயி பேக் பண்ணிக் கூட்டிட்டு வந்துடுவோம். நீ டிரைவ் பண்ணு, நான் வழி சொல்றேன்."

மூன்று வருஷத்தில் அவர் அங்கே போனதேயில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள்தான் இங்கே வருவாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிட்ட ஊருக்கு மெனக்கெட்டு எதற்குப் போக வேண்டும்? வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். ஜிபிஎஸ்ஸில் 'ஜெபி வீடு' என்று சேமித்து வைத்திருந்ததைத் தட்டினார். எட்டு மணி நேரம் என்றது. அந்த எட்டு மணி நேரமும், நாங்கள் பார்க்கப்போகும் ஊரைப் பற்றி எனக்குப் பாடம் நடந்தது. சுரங்கம் மூடியாச்சு. இளைஞர்கள் ஓடியாச்சு. மிச்சமிருப்பவர்கள் வெளியாளைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். "ஜெபி பாவம், பேச்சுத்துணைக்கு ஆளில்லாம இருக்கா."

மலைக்குள் நுழைந்ததும் ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினேன். இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். யாரும் வரவில்லை. "பாரு, பெட்ரோல் போடக்கூட ஆள் கிடைக்கல. ஊரே காலி," என்றார் கிருபைராஜ். பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள முடியாத ஒரே மாநிலம் நியூஜெர்சிதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். ஒரு பாட்டியம்மா தன் காருக்குத் தானே போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஊர் எல்லையில் போனில் சிக்னல் போய்விட்டது. பெயர்ப்பலகையைக் கடந்தோம். ஜனத்தொகை அறுநூற்றுப் பதினொன்று. ஒரே ஒரு சிக்னல் விளக்கு, அதுவும் மஞ்சளில் மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. ஐந்து சர்ச், ஒரு தபாலாபீஸ், மீன்பிடிக்கும் புழுவும் பீட்சாவும் அடுத்தடுத்து விற்கிற ஒரு கடை. தீயணைப்பு நிலைய வாசலில், சனிக்கிழமை காட்டுப்பூண்டு விருந்து, அனைவரும் வருக என்று எழுதியிருந்தது.

"பூண்டுக்கு ஒரு விருந்தாம்," என்றார் கிருபைராஜ். "பாவம்."

ஜெபினாவின் வீடு பூட்டியிருந்தது. கதவில் ஒரு சீட்டு: அண்ணே, விளக்குக்கு எதிரே லாண்டிரில இருக்கேன். வா.

காசு போட்டுத் துணி துவைக்கிற கடை அது. உள்ளே நுழைந்ததும் கதகதப்பு முகத்தில் அடித்தது. கல்லாவில் இருந்த அறுபது வயது அம்மாள், பெயர் டார்லீன், எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"வெள்ளைக் கார், ஜெர்சி நம்பர். நீங்க கிர்பா, பிஸ்கட்டவே. இவர் சாய், பக்கத்து வீடு. பெட்ரோல் போட யாராவது வருவாங்கன்னு உக்காந்திருந்தீங்களாமே?"

எட்டு மணி நேரம் அளந்துகொண்டு வந்தவரை அந்த ஊர் இருபது நிமிஷத்தில் அளந்து முடித்திருந்தது.

"டாக்டரோட அண்ணன்னா நீங்களும் நாசரேத்தா?" என்றார் டார்லீன், குரலைத் தாழ்த்தி. துணி காயக் காத்திருந்த ஒரு கிழவர் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். கிருபைராஜ் பதறிப்போனார். "இல்ல இல்ல, இது தமிழ்நாட்டு நாசரேத், தூத்துக்குடிப் பக்கம்..."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க. பரவாயில்ல," என்றார் டார்லீன். கிழவர் தொப்பியை மாட்டவில்லை.

கிளினிக் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த ஜெபினா சிரித்தபடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நான் ஜன்னலைப் பார்த்தேன். சோப்புத்தூள் வந்த பெரிய வாளியில், என் தோளுயரத்துக்கு, தளதளவென்று ஒரு கறிவேப்பிலைச் செடி. மலைக்குளிர் தாங்காதென்று, டிரையர் சூடு படும் இடமாகப் பார்த்து டார்லீன் வைத்துக்கொடுத்ததாம். மேலே கையால் எழுதிய அட்டை: டாக்டரின் செடி. தொடாதே. இங்கே புகை பிடிக்காதே. வெர்னன், உன்னைத்தான்.

வெர்னன், அந்தத் தொப்பிக் கிழவர், எங்கேயோ பார்த்தார்.

கிருபைராஜ் செடியைக் கண்ணால் பார்த்தார், ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தும் பார்த்தார். ஆனால் ஷீட் இருக்கும்போது கண்ணை யார் நம்புவார்கள்? துணி மடிக்கிற மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். பார்சிப்பனி வரிசை முழுக்கப் பச்சை. ஏர்போர்ட், தமிழ் சர்ச், யூனிஸ் சமையல், பதினொரு நிமிஷம். ஜெபினா மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"கிளம்பு ஜெபி. இங்க என்ன இருக்கு?"

"வாரேன்," என்றாள்.

கிருபைராஜே எதிர்பார்க்கவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன். இந்த ஊர் பேரைச் சொல்லு. இப்பவே பெட்டி கட்டுறேன்."

அவர் சிரித்தார். பிறகு ஷீட்டைப் பார்த்தார். ஐசலின், பிஸ்கட்டவே, பார்சிப்பனி என்று வரிசையாக வந்து, சிவந்த வரிசையில் 'ஜெபி வீடு' என்று இருந்தது. போனை எடுத்தார். சிக்னல் இல்லை. என்னைப் பார்த்தார். எல்லையில் பலகையை நானும்தான் பார்த்தேன். நான் படித்தது ஜனத்தொகையை.

"என்ன விஷயம்?" என்றார் டார்லீன். ஜெபினா ஆங்கிலத்தில் சொன்னாள். உதவி செய்யலாமென்று வெர்னன் வாயைத் திறக்க, டார்லீன் ஓர் ஈரத்துண்டை எடுத்து அவர் மேல் வீசினார். ஜெபினா அடுத்த துண்டை எடுத்து மடித்தாள்.

"கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புறியே, அட்ரஸ் யாரு எழுதுறா?"

"யூனிஸ்," என்றார் கிருபைராஜ், தரையைப் பார்த்து.

"மூணு வருஷமா போன் எடுத்தா அங்க என்ன இருக்கு, அங்க என்ன இருக்குன்னே கேட்டுட்டு இருந்த." மடித்த துண்டைக் கீழே வைத்தாள். "நான் இருந்தேன்லா அண்ணே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கச் செடியைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் பார்சிப்பனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். கிளினிக் திறந்திருக்கிறது. கிருபைராஜ் திரும்பும் வழியில் பென்சில்வேனியா எல்லை வரை, வந்த ஊர்ப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, 'ஜெபி வீடு' என்பதை அழித்து ஊரின் பெயரை முழுதாக எழுதி, நூற்றைம்பதை அழித்து பூஜ்யம் போட்டார். கட்டம் பச்சையானது.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ அப்பலாச்சியா என்று ஆரம்பித்ததும், சமோசாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் அங்க இருந்திருக்கேன். அந்த ஜனங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? காட்டுப்பூண்டு சாப்பிட்டிருக்கீங்களா?" முக்கால் மணி நேரம். கேட்டவர்கள்தான் பாவம்.

அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இரண்டே நாள் தங்கிவிட்டு வந்து ஓர் ஊரை இத்தனை பக்கம் அளந்திருக்கிறேனே.

சரி, நீங்கள்? இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள். விளக்கின் நிறம் தெரியும், சர்ச் எத்தனை தெரியும், தொப்பிக் கிழவர் பெயர்கூடத் தெரியும். நடுவில் இரண்டொரு இடத்தில் 'பாவம்' என்றும் சொல்லிக்கொண்டீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள். நான் வேண்டுமென்றேதான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நீங்கள் கேட்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஊர் பேர் என்ன?