திகதியர் அனுப்பிய மூன்று நத்தார்கள்

போன நாளைத் திருப்பிக் கொண்டுவர ஆண்டவராலும் ஏலாது. குருநகரில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் திகதியரால் ஏலும்.

மின்னஞ்சலின் தலையில் விழும் திகதியை அனுப்புகிறவனே எழுதிவிடலாம் என்று கண்டுபிடித்த அன்றே அவருடைய ஞானஸ்நானப் பெயர் ஒழிந்தது. அதற்கென்றே ஒரு நிரல் எழுதினார். நாள், மணி, எந்த நாட்டு நேரம் என்று மூன்று கட்டங்கள். வாழ்த்து அனுப்ப மறந்தவர்கள் எல்லோரும் அவர் வாசலில் நின்றார்கள்.

வலை பின்னுகிற ஒருவருக்குப் பாரிசில் பேரன் பிறந்தான். வாழ்த்து இரண்டு நாள் பிந்திவிட்டது. திகதியர் பிள்ளை பிறந்த பாரிஸ் மணியைப் போட்டுவிட்டு, நாட்டை இலங்கையிலேயே விட்டுவிட்டார். நேரம் நாலரை மணித்தியாலம் முந்திவிட்டது. பிள்ளை பிறக்குமுன்பே 'ஆண் பிள்ளைக்கு வாழ்த்துகள்' என்று கடிதம். "மாமாவுக்கு வானதூதர் வந்து சொன்னவரோ?" என்று மருமகள் கேட்டாளாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கால் ஓரிடத்தில் தரிக்காது. மூன்று வருடம் நீர்கொழும்பில் மீன்பெட்டி சுமந்தேன், பேருந்து நிலையத்தில் படுத்தேன். நோர்வேயில் இருக்கும் அக்காவுக்கு ஒரு வரி எழுதவில்லை. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஊர் திரும்பியதும், இனித் தம்பி என்று சொல்லாதே என்பாள் என்ற பயத்தோடுதான் அழைத்தேன்.

அக்கா அழுதாள். "என்னை மன்னிச்சுக்கொள் தம்பி. பழைய கடிதமொண்டு தேடப்போனன். மூண்டு நத்தாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து எழுதியிருக்கிறாய். நான்தான் காணேல்லை. தொந்தி வைச்சிட்டுது எண்டும் எழுதியிருக்கிறாய்."

அந்த வருடங்களில் என் விலா எலும்பை எண்ணியிருக்கலாம். எனக்கு மின்னஞ்சல் திறந்து தந்தவர் திகதியர். கடவுச்சொல்லும் அவருக்குத்தான் தெரியும். ஓடினேன்.

"நான் எழுதாத கடிதம் எப்பிடியண்ணை போனது?"

"போன கிழமை அனுப்பினனான்," என்றார், திரையிலிருந்து கண் எடுக்காமல். "தம்பி உயிரோடை இருக்கிறானோ எண்டு உன்ரை அக்கா கடைக்கு எழுதிக் கேட்டவ. பழைய திகதி போட்டதாலை அடியிலை போய்க் கிடந்திருக்கு."

"கள்ளமெல்லோ அது? அவ என்னட்டை மன்னிப்புக் கேக்கிறா."

"ஓம், கள்ளம்தான். உண்மையை அனுப்ப நீ எங்கை இருந்தனி?"

அங்கேயே உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் அக்காவுக்கு ஒவ்வோர் எழுத்தாய் அடித்தேன்.

"என்ன திகதி போட?" என்று கேட்டார்.

"இண்டைக்கு."

திகதியர் திகைத்துப்போய்ச் சுவரில் கலண்டரைத் தேடினார். அன்றைய திகதி அவருக்குத் தெரியவில்லை.

அக்கா எங்கள் இருவரையும் கிழித்துப் பதில் எழுதினாள். ஆனால் அந்த மூன்று கடிதங்களையும் அழிக்கவில்லை. தொந்திக் கடிதத்தை நானும் சிலவேளை எடுத்து வாசிப்பேன். அந்த நத்தாருக்கு என்னை வயிறாரச் சாப்பிட வைத்தவர் அவர் ஒருவர்தான்.