நெல்டாவுக்கு ஏற்ற துப்பாக்கி

மனைவிக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தே தீருவது என்று வெர்லன் டாக்கெட் முடிவு கட்டிவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை. சுடப்போவது அவள் விரல், தேர்ந்தெடுப்பது இவன் மூளை. எந்த ஊர் நியாயம் இது? ஓக்லஹோமா நியாயம்.

நெல்டாவுக்கு வீடு விற்றுக் கொடுக்கும் தொழில். முன்பின் தெரியாதவர்களை அழைத்துப்போய், ஆளில்லாத வீடுகளைத் தனியாகத் திறந்து காட்டுவாள். போன மாதம் பக்கத்து ஊரில் இதே தொழில் செய்யும் பெண்ணை எவனோ குளியலறையில் தள்ளிப் பூட்டிவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அன்றிலிருந்து வெர்லனுக்குத் தூக்கமில்லை. அக்கறை நிஜம்தான், மறுக்கவில்லை. கூடவே வரும் அறிவுரையைத்தான் தாங்க முடியாது.

சனிக்கிழமை காலை அவளை ஓடெலின் துப்பாக்கிக் கடைக்கு இழுத்துப் போனான். பின்பக்கத்திலேயே சுட்டுப் பார்க்கும் கூடம் உள்ள கடை.

"இதோ பாரு கண்ணு, சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி!" உள்ளங்கைக்குள் அடங்கியது. ரோஜா நிறம் வேறு.

"சின்னதுதான், வெர்லன், சுடும்போது கையை ரொம்ப உதைக்கும். கொஞ்சம் எடை இருந்தாத்தானே உதை தெரியாது?"

"அந்தக் கவலையெல்லாம் உனக்கெதுக்கு? பெருசை நீ எங்க மறைப்ப? சட்டையைத் துருத்திக்கிட்டு நிக்கும். பாக்குறவன் உடனே கண்டுபிடிச்சிருவான்."

"உன்னோடதை ஊரே கண்டுபிடிச்சாச்சு. தேவாலயத்துல மண்டி போட்டப்ப துப்பாக்கி கனத்துல கால்சட்டையே இறங்கிடுச்சே!"

கடைக்கார ஓடெல் இருமினார். சிரிப்பை முழுங்குகிற இருமல்.

"சரி, நீயே முதல்ல சுட்டுக் காட்டு" என்றாள் நெல்டா.

காட்டினான். முதல் குண்டுக்குக் கை கூரையைப் பார்த்தது. இரண்டாவதுக்குக் கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்தது. மூன்றாவது, பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவரின் குறி அட்டையைத் துளைத்தது.

"பழகணும்..." என்றான், கையை உதறிக்கொண்டே. "இந்தா, நீ சுடு."

"அது வேண்டாம்."

நெல்டா மேல்சட்டையின் ஓரத்தை விலக்கினாள். இடுப்பிலிருந்து கறுப்பாக, நடுத்தர அளவில் ஒன்று வெளியே வந்தது. ஆறு குண்டு சுட்டாள். பதற்றமில்லை, அவசரமில்லை. ஆறு ஓட்டையையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம். அழகு என்றால் அதுதான் அழகு!

வெர்லனுக்கு வாய் மூடவில்லை. "இது... எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

"எங்க வச்சிருந்த?"

"இடுப்புலதான். நீ பக்கத்துல உக்காந்து பன்றி விலா கடிச்சப்பல்லாம் அங்கதான் இருந்துச்சு."

"அம்மணி இங்க ஒன்பது துப்பாக்கி சுட்டுப் பாத்துட்டுத்தான் இதை எடுத்தாங்க" என்றார் ஓடெல். "பிடி, எடை, விசை இழுக்குற பலம், எல்லாம் கேட்டாங்க. நிறத்தை மட்டும் கேக்கவே இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கட்டின புருஷன் கண்ணுக்கே தெரியலன்னா, திருடன் கண்ணுக்கா தெரியப்போகுது? உன்னை வச்சுத்தான் சோதிச்சுப் பாத்தேன்."

வெர்லன் மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டான்.

"சரி, போகட்டும். எங்கம்மா காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. துப்பாக்கின்னாலே நடுங்கிடுவாங்க, பாவம்."

நெல்டா நிதானமாகத் தோட்டா நிரப்பினாள்.

"உங்கம்மாவா? நீ பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்தே அவங்க இடுப்புல ஒண்ணு இருக்கு."