பாப்பா வளைவு

ரகசியம் என்று முடிவான அன்று சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்: ரஹமத்துல்லா, அவர் மனைவி ருக்சானா, தங்கை ஹசீனா, ஏழு வயது மகள் ஜைனப். கதவு சாத்தியிருந்தது. அடுப்பு மேடையில், சேலத்துத் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பு டியூப் படுத்திருந்தது.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஜைனப்பின் தோலுக்கு வெயில் ஆகாது. பட்டால் சுட்டது போலச் சிவந்து கொப்பளிக்கும். யாருக்கும் ஒட்டாது. உடம்பை மூடி, முகத்தில் வெள்ளைக் களிம்பைத் தடிமனாகப் பூசி, வெயில் இறங்கிய நேரமாகப் பார்த்து வெளியே விட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் படிப்புக்கும் தடையில்லை.

இத்தனையிலும் ரஹமத்துல்லாவின் காதில் விழுந்தது 'தோல்' மட்டும்தான்.

"ஹசீனாவைப் பொண்ணு பாக்க சேலத்துலருந்து வரப்போறாங்க. தோல் வியாதிக்காரக் குடும்பம்னு பேச்சு கெளம்பினா முடிஞ்சுது."

"தோலுதானுங்க கெட்டிருக்குது. அவ என்ன திருடிட்டா வந்து நிக்கறா?" என்றாள் ருக்சானா.

"மூணு தலைமுறையா பஜார்ல காப்பித்தூள் விக்கறோம். நம்மளப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"காப்பித்தூளப் பத்திச் சொல்லியிருக்காங்கண்ணே," என்றாள் ஹசீனா.

ரஹமத்துல்லா முதுகை நிமிர்த்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். கல்யாணம் முடிகிற வரை, ஜைனப் சேலத்தில் நன்னி வீட்டில், அதாவது ருக்சானாவின் அம்மா வீட்டில், தங்கிப் படிக்கிறாள். யார் கேட்டாலும் இதுதான். பரம்பரையாகப் பொய் சொல்லாத குடும்பம் அது. இது பொய்யல்ல, கௌரவம் என்று அவர் எல்லோருக்கும் விளக்கினார்.

"அப்ப நான் இங்க இல்லையா அத்தா?" என்று கேட்டாள் ஜைனப்.

"இல்லை கண்ணு."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போனாள்.

அவர்கள் வீடு நாகலூர் சாலையில், காப்பி எஸ்டேட்டை ஒட்டிய ஒரு வளைவில் தனியாக இருந்தது. பனி இறங்கினால் வாசலில் நின்று பார்த்தால் கேட் தெரியாது. குழந்தையை எத்தனை நாள் உள்ளே பூட்டி வைப்பது? பனி மூடுகிற நேரமெல்லாம் ருக்சானா அவளுக்குக் களிம்பு பூசி, வெள்ளை முழுக்கைச் சட்டையும் கையுறையும் மாட்டி வெளியே விட்டாள். ஜைனப் வளைவுக்குப் போய், எல்லாக் குழந்தைகளையும் போலப் பஸ்ஸுக்குக் கையாட்டினாள்.

அந்த வாரமே ஜீப் ஓட்டும் குழந்தைவேல் கடைக்கு வந்தான்.

"பாய், உங்க ஊட்டு வளைவுல பனிக்குள்ள புள்ளை நிக்குதுங்க. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மூஞ்சி. பஸ் டிரைவரு மூணாம் கியரை மறந்துட்டாராம்."

"எந்தப் புள்ளை? என் புள்ளை சேலத்துல இருக்கறா."

"அதனாலதானுங்க பயமா இருக்குது," என்றான் குழந்தைவேல்.

உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். ரஹமத்துல்லா அவனுக்குக் கால் கிலோ காப்பித்தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

வெள்ளைச் சட்டைதான் கோளாறு என்று அவருக்குப் பட்டது. மறுநாள் மகளுக்குக் கறுப்பு மழைக்கோட்டு வாங்கிப் போட்டார். இப்போது உடம்பு பனியில் கரைந்துபோய் முகம் மட்டும் தெரிந்தது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு வெள்ளை முகம் மிதந்து வருவதாக அலறி, நாகலூர் பஸ்ஸில் இரண்டு பெண்கள் மயங்கினார்கள்.

"கையாட்டாதே சாமி. வண்டி வந்தா அப்படியே ஆடாம அசையாம நில்லு," என்று மகளுக்குச் சொன்னார்.

ஜைனப் சொன்ன சொல் தட்டாதவள். அப்படியே நின்றாள்.

"முன்னெல்லாம் கையாவது ஆட்டும் பாய். இப்பப் பாத்துக்கிட்டே நிக்குது. நொம்ப மோசமாப் போச்சுங்க," என்றான் குழந்தைவேல்.

தன் வீட்டுப் பக்கம் அப்படியெல்லாம் எதுவும் அண்டாது என்று ஊருக்குக் காட்ட, ரஹமத்துல்லா பள்ளிவாசலிலிருந்து ஹஜரத்தை அழைத்து ஓத வைத்தார். ஹஜரத்தையே கூப்பிட்டுவிட்டார் என்றால் விஷயம் பெரிசுதான் என்று பஜார் முடிவு கட்டியது. லேடீஸ் சீட்டும் பகோடா பாயிண்ட்டும் பார்த்த டூரிஸ்டுகளை ஜீப்காரர்கள் கடைசியாக 'பாப்பா வளைவு'க்குக் கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கோயமுத்தூர் அம்மாள் ஒருத்தி, பாவம் குழந்தையாயிற்றே என்று ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் போனாள்.

"யாரோ எனக்குப் பொம்மை வெச்சிருக்காங்க அத்தா," என்று ஜைனப் அதை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

பொம்மை காணாமல் போனது ஊரைக் கலக்கியது. ரஹமத்துல்லா விடியும் முன்பே அதைப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லி ருக்சானாவை அனுப்பினார். இரவே ஜைனப் பொம்மைக்கும் பாசத்தோடு களிம்பு பூசி, ஹசீனாவிடம் சின்னக் கையுறை தைத்து வாங்கி மாட்டியிருந்ததை இருட்டில் ருக்சானா கவனிக்கவில்லை. அந்தப் பொம்மையின் முகத்தைப் பார்த்த பின், குழந்தைவேல் அந்த வளைவில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டான். தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தான்.

அவனையே மாப்பிள்ளை வீட்டார் அமர்த்திக்கொள்ளும்படி ஆனது. பெரியவர் அப்துல் சமதும் அவர் மனைவியும் குப்பனூர் வழியாகக் காரில் மலையேறி வந்தார்கள். பஜாரை அடைந்ததும் பனி இறங்கிவிட்டது. இந்தப் பனியில் நாகலூர் சாலை பழகியவன் ஓட்டினால்தான் உண்டு என்று குழந்தைவேலின் ஜீப்பில் ஏறினார்கள்.

வீட்டில் ரஹமத்துல்லா எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். "அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இவ உள்ள இருக்கக் கூடாது. இருமினாக்கூட காட்டிக் குடுத்துரும். வெளிய விளையாடட்டும்," என்று அவரே மகளை அனுப்பி வைத்தார்.

ஹாலில் வந்து உட்கார்ந்த அப்துல் சமது டீயைத் தொடவில்லை. அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வளைவுல ஒண்ணு நிக்குதுங்க," என்றார் பெரியவர். "கண்ணு கூடச் சிமிட்டலை. இந்த ஊட்டைச் சுத்தித்தான் வருமாம். உங்க மேல குத்தமில்லை. ஆனா எங்க பையனை இங்க விருந்துக்கு அனுப்பணுமே. நாங்க வர்றோம்."

இருவரும் எழுந்தார்கள். திரைக்குப் பின்னால் ஹசீனாவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

ரஹமத்துல்லா ருக்சானாவைப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் வாசலுக்குப் போனார். வெளியே பனி சுவர் மாதிரி நின்றது.

"ஜைனப்," என்று கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான், வாரக் கணக்கில் அந்தப் பெயரை வெளியில் வைத்துச் சொல்லவில்லை என்பது உறைத்தது.

பனிக்குள்ளிருந்து வெள்ளை முகம் மிதந்து வந்தது. அப்துல் சமது சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ரஹமத்துல்லா மகளை ஹாலின் நடுவில் நிறுத்தி, குனிந்து, தன் கைக்குட்டையால் களிம்பைத் துடைத்தார். கன்னம் தெரிந்தது. மூக்கில் பழைய கொப்புளத் தழும்பு தெரிந்தது.

"இது பேய் இல்லீங்க. என் மக. வெயில் பட்டா தோலு கொப்பளிக்கும், அதனால பனியில மட்டும் வெளிய போவா. ஒட்டாது. சேலத்துல இருக்கறான்னு சொன்னது நான். இதுக்காகப் பொண்ணு வேண்டாம்னா, இப்பவே சொல்லிட்டுப் போங்க."

முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. குரல்தான் உடைந்திருந்தது.

பெரியவரின் மனைவி மெல்ல வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "இதுக்கா கண்ணு உன்னைப் பனியில நிக்க வெச்சாங்க? எங்க பையனுக்குக் கத்திரிக்காய் தின்னா உடம்பெல்லாம் தடிக்கும். அதை நாங்க சொல்லலையே, அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

அப்துல் சமது சோபாவுக்கு முன்பக்கம் வந்து, ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தார். தேதி பேசினார்கள். ஜைனப் அந்த அம்மாளின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள்.

ரஹமத்துல்லாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. வாசலில் நின்ற குழந்தைவேலை உள்ளே அழைத்தார்.

"பாத்துக்க. பேயுமில்லை, பிசாசுமில்லை. வளைவுல நின்ன அந்த ஒரு புள்ளை என் மக ஜைனப். போய் பஜார் பூராச் சொல்லு."

குழந்தைவேல் ஜைனப்பை நன்றாகப் பார்த்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"சொல்லிடறனுங்க பாய். ஆனா ஒரு புள்ளைன்னு ஊருல பேசிக்கறது சுத்தப் பொய்யுங்க. தெனமும் நின்னது ரெண்டு பேரு. பாப்பா கையைப் புடிச்சுக்கிட்டு நின்ன இன்னொரு புள்ளை இப்பவும் உங்க கேட்டுப் பக்கத்துல நிக்குது."