மூன்று ஞாயிறு, ஒரு கோட்பாடு

"மாசக் கடைசிக்குள்ள எந்த ஆராய்ச்சி வழின்னு எழுதிக் கொடு ஜீவன். இல்லன்னா இந்த செமஸ்டர் போச்சு," என்று சொல்லிவிட்டார் பேராசிரியர் வாசுகி.

எஸ்டேட் தோட்ட வேலையை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள் பெரிய முடிவுகளை எப்படி எடுக்கின்றன? இதுதான் ஜீவனின் ஆராய்ச்சி. மக்கள் பேச்சிலிருந்தே கோட்பாட்டைக் கட்ட வேண்டும். அதை எப்படிக் கட்டுவது என்பதில் அறிஞர்களுக்குள் மூன்று கட்சி. ஜீவனோ இட்லியா தோசையா என்பதற்கே அரை நாள் யோசிப்பவன். மூன்றையும் ரெங்கம் டவுனில், அப்படித் தோட்டத்திலிருந்து வந்த செல்லப்பன் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினான்.

"நல்ல பையன், யூனிவர்சிட்டில இருக்கான். உங்க வீட்டுக்கு வரணுமாம்," என்று கோயில் சபாபதி செல்லப்பனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

முதல் கட்சி சொன்னது: எதையும் கேட்காதே, தானாக வெளிப்படும். ஜீவன் சோபாவில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள்மேல் மழை தூங்கி வழிந்தது. ஒரு வளையல் கை தேநீரை நீட்டியது. கனவில் வாங்குவது போல வாங்கிக் குடித்தான்.

"தம்பி பேசவே மாட்டேங்கிறாரே," என்றார் செல்லப்பன்.

"அடக்கமான பையன்லா," என்றாள் அவர் மனைவி தனலெட்சுமி.

அன்றைய தரவு: தேநீர் ஒன்று, வடை நான்கு.

அடுத்த ஞாயிறு இரண்டாம் கட்சி. கட்டம் போட்டு, காரணம் என்ன, விளைவு என்ன என்று துருவ வேண்டும்.

"பெரிய முடிவுன்னா யாரைக் கேப்பீங்க ஆண்ட்டி?"

"என் அண்ணனைத்தான். அவசரப்படாதீங்க தம்பி."

"அவசரம்தான். எனக்கு மாசக் கடைசி வரைக்கும்தான் டைம்."

தனலெட்சுமி கணவரைப் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார். 'குடும்பம் காலண்டரைக் கலந்தாலோசிக்கிறது' என்று ஜீவன் கட்டத்தில் எழுதிக்கொண்டான்.

மூன்றாம் ஞாயிறு வீடு நிறைய ஆட்கள். நெய் மணக்கும் கேசரி. அண்ணன் ஐயாசாமி பட்டு வேட்டியில் வந்திருந்தார். மூன்றாம் கட்சிப்படி ஆராய்ச்சியாளனும் கதைக்குள் ஒருவன். வளையல் கை கேசரித் தட்டை நீட்ட, ஜீவன் அதை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றான்.

"நான் இனிமே வெளியாள் இல்ல. நாம எல்லாரும் சேர்ந்துதான் இதைக் கட்டி எழுப்பணும்," என்றான்.

தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதுதான் என் வழி என்று அவனுக்குப் பட்டுவிட்டது. செமஸ்டர் பிழைத்தது! பேராசிரியருக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தை அங்கேயே எடுத்து, 'மூன்றாவது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

ஐயாசாமி அவன் தோளில் கை வைத்தார்.

"எங்களுக்குப் பூரண சம்மதம் மாப்பிள்ள. ஆனா மூணு வாரமா பொண்ணு பாக்க வர்றீங்க, ஒரு தடவையாச்சும் பொண்ணோட பேரைக் கேட்டிருக்கலாம்லா!"