ஆகாயத்தாமரை மீது ஒரு மனு

ஒரு காட்டில், ஏரிக்குக் கீழே இரண்டு மா அளவு வயலில் நெல் பயிரிட்டு வந்தது காத்தாயி என்ற எருமை. துணை கிடையாது. அந்த வயல் விளைந்தால்தான் காத்தாயிக்கும் இரண்டு கன்றுகளுக்கும் வருஷத்துச் சோறு.

நட்ட இருபதாம் நாள் தண்ணீர் பார்க்கப் போனபோது, மடையோரம் ஐந்து செடிகள் மிதந்தன. குண்டுத் தண்டு, ஊதாப் பூ. கடல் தாண்டி வந்து ஏரியையே மூடிவிட்ட ஆகாயத்தாமரை. ஒரே வாயில் அள்ளி வரப்பில் போட்டிருக்கலாம். ஆனால் காத்தாயி சட்டத்துக்குப் பயந்த எருமை. நேரே களைத்தடுப்பு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது.

எழுத்தர் நாரை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டது. "செடி எந்த நாட்டுதும்மா?"

"தெரியலீங்க. தண்ணியில வந்துச்சு."

"வெளிநாட்டுக் களைன்னா ஏழாம் நம்பர் படிவம். போட்டோ ஏத்தணும். ஆய்வாளர் வந்து பார்க்கிற வரைக்கும் செடியில வாய் வைக்கக் கூடாது. வெச்சா சாட்சியத்தை அழிச்ச மாதிரி ஆயிடும்."

"எப்பங்க வருவாரு?"

"கிளம்பிட்டாரு."

ஆய்வாளர், ஆமை.

காத்தாயி தினமும் வரப்பில் காவல் நின்றது. ஐந்து செடி ஐம்பது ஆனது. ஐம்பது எண்ண முடியாமல் போனது. நெல் மூச்சுத் திணறி மஞ்சளித்தது. கன்றுகள் பசியில் அந்தச் செடியைக் கடிக்கப் போனால் காத்தாயியே விரட்டியது. "வேணாம் கண்ணுங்களா, அது ஆபீஸ்ல பதிவான செடி." மறுபடி போய்க் கேட்டபோது, "பாதி வழி வந்துட்டாரு" என்றது நாரை.

அறுவடை நாளன்று ஆமை வந்து சேர்ந்தது. வயல் முழுக்க ஊதாப் பூ.

"ஒரே சீரா வளர்ந்திருக்கு. நல்லா பராமரிச்சிருக்கே" என்று பதிவேட்டைத் திறந்தது. "பயிர், ஆகாயத்தாமரை."

"ஐயா, பயிர் அது இல்லீங்க. இதுங்க." மூலையில் தப்பிப் பிழைத்த எட்டுக் குத்து நெல்லைக் காத்தாயி மூக்கால் காட்டியது.

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"எங்க அப்பன் காலத்துலேருந்து இங்கதாங்க இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பயிருக்கு இடைஞ்சல். மூணு நாள்ல எடுத்துடணும்."

காத்தாயி இந்த முறை படிவம் கேட்கவில்லை. எட்டுக் குத்தையும் அங்கேயே பிடுங்கிக் கன்றுகளுக்குப் போட்டது. அந்த வருஷம் அவை கண்ட நெல் அவ்வளவுதான்.

'துரித நடவடிக்கை' என்று பாராட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டது ஆமை.

நீதி: களையைக் கண்டால் உடனே பிடுங்கிவிட வேண்டும். மனு கொடுத்தால் அது பயிராகிவிடும்.